சுரங்கமா, லைட் ரயிலா: கேளம்பாக்கத்தின் மாபெரும் முடிவு

“அதெல்லாம் வேலைக்காவாது அண்ணாத்த, சுரங்கந்தான்! பூமிக்கு அடியில ரயிலு போனாத்தான் அது ஊரு. மேல போனா பட்டிக்காடு!”

உலகப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் லண்டன், பாரிஸ் என்று அலைய வேண்டாம். நேராகக் கேளம்பாக்கத்துக்கு வந்து, இந்தக் குரல் ஒலித்த ஜெராக்ஸ் கடை மாடியைத் தொட்டுக் கும்பிட்டால் போதும். ஆண்டு 2006. நேற்றைய உப்பளங்களெல்லாம் ‘ஸீ வியூ’ மனைகள் ஆகிக்கொண்டிருந்த நேரம். மனிதகுலத்தின் முன் ஒரே கேள்விதான் நின்றது: வளர்கிற புறநகருக்குச் சுரங்க ரயிலா, அல்லது ரோட்டின் மேலேயே இரண்டு பெட்டியோடு ஓடுகிற லைட் ரயிலா? அரசாங்கம் இன்னும் அப்படிக் கேட்கவில்லைதான். கேட்பதற்குள் பதிலைத் தயாராக வைத்திருப்பதுதானே பொறுப்புள்ள குடிமக்களுக்கு அழகு?

அதற்காகவே பிறந்தது ‘விரைவு ரயில் வரவேற்பு மன்றம்’. மேலே முழங்கியவர் மனை விற்கும் தாமோதரன், சுரங்கக் கட்சித் தலைவர். லைட் ரயில் கட்சிக்கு, ஆபீஸ் செலவில் சிங்கப்பூர் போய்வந்த சாஃப்ட்வேர் ராகவன். கொள்கைப் பிடிப்பு என்றால் அப்படியொரு பிடிப்பு. சுரங்கக் கட்சியார் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவார்கள். லைட் ரயில்காரர்கள் நாற்காலியை விட்டு இறங்கவே மாட்டார்கள். நடுவே ஒரு ஸ்டூலில் மன்றச் செயலாளர் ஹேமந்த். வேலை தேடும் வயசு. ஆனால் தேட நேரமில்லை.

“இங்க தோண்டினா தண்ணி வரும் சார்,” என்றார் ராகவன்.

“வரட்டுமே, படகு வுடலாம். உன் ரயிலு ரோட்டு மேல வந்தா மாடு படுத்துக்கும். எழுப்பிவுட ஆள் வெப்பியா நைனா?” என்றார் தாமோதரன்.

இரண்டு கருத்திலும் ஆழம் இருப்பதாக ஹேமந்த் பாராட்டினான்.

அவன் அக்கா மேரிக்கு மட்டும் தொலைநோக்கே கிடையாது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ். விடிகாலையில் திருப்போரூர் வழியாகப் போகிற ஒரே பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை விட்டாயிற்று. இன்னொரு தரம் லேட்டானால் வரவே வேண்டாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

“இன்னாடா பேசினீங்க அவ்ளோ நேரம்? இன்னொரு பஸ்ஸு வேணும்னு கேட்டீங்களா?”

“பஸ்ஸா? உலகம் எங்கியோ போய்கினு கீது. நீ இன்னும் பஸ்ஸுலயே கீறியேக்கா!”

அந்த நேரம் பார்த்து, பயணிகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி காலையில் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறார் என்று தெரிந்தது. கூட்டம் இருந்தால்தானே ரயில்? பாயும் நாற்காலியும் முதல்முறையாக ஒன்றுபட்டன. யோசனை ஹேமந்துடையது: வீட்டுக்கு ஒருவர் ஸ்டாப்பில் வந்து நிற்க வேண்டும். எங்கும் போகாதவர்களும் போகிற முகத்தோடு நிற்க வேண்டும்.

நின்றார்கள். ரிட்டயரானவர்கள் டிபன் டப்பாவோடு வந்தார்கள். லோகநாயகி அம்மாள் பட்டுப்புடவை கட்டி, காலி சூட்கேஸோடு வந்தார். அதிகாரி அசந்துபோனார். பஸ் டிரைவரும் அசந்துபோனார். இத்தனை பேரை எங்கே ஏற்றுவது? ஒரு மிதி மிதித்தார், தூசிதான் மிச்சம்.

அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே பஸ் ஏற வந்த ஒரே ஆள் மேரி.

“யோவ், நிறுத்துய்யா!” என்று பின்னாலேயே ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

அதிகாரி இரக்கமுள்ளவர். “ரயிலெல்லாம் என் கையில இல்லப்பா. காலையில இன்னொரு பஸ் வேணுமா? சொல்லுங்க, அடுத்த வாரமே விடச் சொல்றேன்.”

மேரி வாயைத் திறப்பதற்குள் ஹேமந்த் முன்னால் பாய்ந்தான். “வேணாம் சார்! பஸ்ஸு வுட்டா கூட்டம் கொறஞ்சிடும். கூட்டம் கொறஞ்சா ரயிலு வராது. நாங்க காத்துகினு இருப்போம்!”

கைதட்டல் கடற்கரை வரை கேட்டது.

“டேய், அப்ப நான் எப்பிடிடா வேலைக்குப் போறது?” என்றாள் மேரி.

“ரயில்லதான்க்கா!”

“எந்த ரயில்ல?”

“அதத்தான் சாயங்காலம் முடிவு பண்ணப் போறோம்!”

சாயங்காலத்துக்குள் மேரியின் வேலை போய்விட்டது. மதுராந்தகத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் இடம் கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் குடும்பத்தில் போக்குவரத்துப் பிரச்சினையைத் தீர்த்தவள் அவள் ஒருத்திதான்.

மேலிடமோ கேளம்பாக்கத்தின் பொறுமையை மெச்சியது. காத்திருக்க விரும்பும் மக்களுக்கு வழவழ கிரானைட் பெஞ்சோடு பெரிய நிழற்குடை ஒன்று கட்டித் தந்தது. பஸ் வேண்டாமென்று ஊரே சொன்னதால், இருந்த அந்த ஒரு பஸ்ஸையும் பெரிய மனதோடு நிறுத்திவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்க்கப் போகப் பிரியாணித் தூக்கோடு ஹேமந்த் அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருந்தான். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. முதலில் தாமோதரனின் கார் வந்து நின்று, “மன்றத்துக்கு வந்துடு, இன்னிக்கு ஓட்டெடுப்பு!” என்றது. அடுத்து ராகவனின் கார் அதையே சொல்லிப் போனது. இரண்டிலும் பின்சீட் காலி. ஏற்றிக்கொண்டால் கூட்டம் குறைந்துவிடுமே!

ஓட்டு சரிசமமாக இருக்கிறதாம். பஸ்ஸுக்காக ஒரு நாளும் நின்றிராதவராக இருந்தால் நீங்களும் ஓட்டுப் போடலாம். யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்: சுரங்கமா, லைட் ரயிலா?