பன்னிரண்டு குமிழ்களை நேராக்கிய விவரம்

மதிப்பும் பிரியமும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். தொட்டியில் ஏழு மீன்களும் நலம். இன்று காலையும் எண்ணினேன். நீங்களும் என் மகளும் நான்கு வருடம் கழித்துக் கிளம்பிய ஐந்து நாள் பயணம் இனிதே முடிந்து, நன்றாகத் தூங்கித் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சீராக்கும் உங்கள் ஈக்வலைசர் பெட்டியும் நலம்தான். இந்தக் கடிதத்தை அதன் தலையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது நாங்கள் ரயிலில் பாதி தூரம் போயிருப்போம். அதற்கும் அதே காரணம்தான்.

பாட்டு அறையில் எதையும் தொட வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. துடைப்பது தொடுவதில் சேருமா என்று நீங்கள் தெளிவுபடுத்தவில்லை. நீங்கள் கிளம்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை பத்தே கால் மணிக்கு, உலர்ந்த துணியோடு உள்ளே போனேன். எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். கடைக்குள் நுழைந்தால் முதலில் தராசு முள்ளைத்தான் பார்ப்பேன். அது நடுவில் நிற்காவிட்டால் நிறுத்திவிட்டுத்தான் மறு பேச்சு. இங்கே என்னடாவென்றால் மேல் வரிசையில் ஆறு குமிழ், கீழ் வரிசையில் ஆறு குமிழ், ஒவ்வொன்றும் ஒரு திசையில். ஒன்று பத்து மணியைக் காட்டுகிறது, இன்னொன்று இரண்டரையை, மூன்றாவது யாரோடோ கோபித்துக்கொண்டது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் உச்சியிலும் பூஜ்யம் என்று தெளிவாக அச்சடித்திருக்கும்போது அதில் நிறுத்தாமல் ஏன் இப்படி அலையவிட வேண்டும்? பன்னிரண்டையும் நிறுத்தினேன். கடக், கடக் என்று எவ்வளவு சுகமான சத்தம்! பெட்டி அணிவகுப்பில் நிற்பது போல் ஆகிவிட்டது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்பதாங்க பாக்க லட்சணமா இருக்கு"ன்னு அவளும் சொன்னாள். அவளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

புதன்கிழமை மாலை உங்கள் போன் வந்தது. "மாமா, நாளைக்கு நம்மகிட்ட ஆல்பம் பண்ற டீச்சர் வருவாங்க. ஏழாவது பாட்டுல ஒரு வரிய மாத்திப் பாடியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் தயாரா இருக்கு. பெட்டி வழியா ஒருதரம் ஓடவிட்டுப் பதிவு பண்ணிக்குவாங்க. நீங்க கதவ மட்டும் தொறந்துவிடுங்க" என்றீர்கள். சரி என்று சொல்வதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள்: "நல்லவேளை, நாப் பன்னெண்டும் வச்ச இடத்துலயே இருக்கு. அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது மாமா. முள்ளு எங்க நிக்குதோ அதுதான் பாட்டு. மத்த ஆறு பாட்டு முடிஞ்சிருச்சு. இந்த ஒண்ணுக்குத்தான் மூணு வாரம். ரெண்டுதரம் கோபமா எழுந்து போயிட்டாங்க. இந்தத் தடவையும் சரியா வரலன்னா ஆல்பமே வேண்டாம்னுடுவாங்க." என் வாய் "சரி மாப்ள" என்றது. உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் அலைச் சத்தமும் என் மகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. மனசு வரவில்லை.

அன்று உங்கள் அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். கிளம்புகிற அன்று என் மகள் அவளை அந்த அறையில், கொடிச் செடித் தொட்டியோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாளே, அதில் பின்னால் பெட்டி விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேல் வரிசையில் ஐந்து குமிழ்கள் பளிச்சென்று தெரிந்தன. இடது ஓரத்தில் மட்டும் செடியின் ஒரு சின்ன இலை பச்சையாகக் குறுக்கே வந்தது, அது ஒன்றும் தொந்தரவில்லை. ஆறாவது குமிழையும் கீழ் வரிசை முழுவதையும் உங்கள் அத்தையின் தோள் மறைத்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். "இத எடுக்கறப்பவே நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியுமா?" என்றாள். நியாயம்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: மேல் வரிசை இடது ஸ்பீக்கர், கீழ் வரிசை வலது. இரண்டு தட்டு! தட்டு இரண்டும் சமமாக இருக்க வேண்டியதுதானே முறை? மேலே உள்ளபடியே கீழேயும் வைத்தேன். மிச்சம் ஆறாவது ஜோடி ஒன்றுதான்.

அதற்கு உங்கள் அத்தையின் காதைத்தான் நம்பினேன். மூன்று வாரமாகச் சமையலறைச் சுவர் வழியாக அந்தப் பாட்டையே கேட்டவள் அவள். வியாழன் காலை பாட்டை ஓடவிட்டு, நான் இங்கே ஒரு கடக் திருப்பி, "இப்ப?" என்பேன். "மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்று அங்கிருந்து குரல் வரும். இன்னொரு கடக். "இப்ப?" "தகரத்துல மழை பெய்யுது!" "இப்ப?" "கொஞ்சம் தேவல." இப்படியே பதினேழு தடவை, மாப்பிள்ளை, எண்ணினேன். எனக்கே ஒவ்வொரு கடக்குக்கும் வித்தியாசம் துல்லியமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் சத்தமாக, "அதேதாங்க! அதேதான்! கைய எடுங்க!" என்றாள். எடுத்தேன்.

நாலரை மணிக்கு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, திருத்த வேண்டிய கணக்குத் தாள் கட்டோடு வந்தார். பாட்டு ஓடின நாலு நிமிடமும் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், இத்தன நாளா போர்வைய போத்திக்கிட்டுப் பாடின மாதிரி இருந்துச்சு. இன்னிக்குத்தான் நான் நானா இருக்கேன். என்ன பண்ணீங்க?" என்றார். "ஒரு சின்ன ஆய்வும்மா" என்று அடக்கமாகச் சொன்னேன். உங்கள் அத்தையைக் கட்டிக்கொண்டு, பதிவை எடுத்துக்கொண்டு போனார். வரும் செவ்வாய்க்கிழமை ஆல்பத்தை வெளியிடப் போகிறாராம். இந்த வயதில் உங்கள் தொழில் எனக்குக் கொஞ்சம் கைவந்துவிட்டது என்பதைக் கூச்சத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் இருவர் காதும் கையும் நெடுங்காலம் நல்லபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
எடை அளவு ஆய்வாளர், ஓய்வு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்தப் பொட்டியில பச்சை லைட்டு ஒண்ணு எரியுமே, அத நான் திரும்பப் போடவா?" எந்தப் பச்சை லைட்டு? "அவங்க கெளம்பின உடனே அமுக்கி அணைச்சேனே. ஆளில்லாத ரூம்ல எதுக்கு எரியணும்?" படத்தை எடுத்துப் பார்த்தேன். அது இலை இல்லை. மேசை இழுப்பறையில் இருந்த பெட்டியின் கையேட்டைப் படித்தேன்: பச்சை எரிந்தால் பாட்டு பெட்டிக்குள் போகும், அணைந்தால் பெட்டியைத் தொடாமல் அப்படியே போய்விடும். அப்படியானால் அந்தப் பதினேழு தடவை? "எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். சாப்பாடு ஆறுதுன்னுதான் அதேதான்னேன்" என்கிறாள். முப்பத்தோரு வருடம் ஊரிலுள்ள கள்ளத் தராசையெல்லாம் பிடித்தவன் நான்.

பச்சை விளக்கைப் போட்டுப் பாட்டை ஓடவிட்டேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "இதுதாங்க! மூணு வாரமா கேட்டது இதுதான்!" என்றாள். டீச்சருக்குப் பிடித்தது பெட்டிக்கு வெளியே போன பாட்டு, இவளுக்குப் பிடித்தது பெட்டிக்கு உள்ளே போன பாட்டு. நான் கேட்டேன்; இரண்டும் நன்றாகவே இருக்கிறது. இதை நிறுக்க என்னிடம் படிக்கல் இல்லை. செவ்வாய்க்குள் நீங்களே டீச்சரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

குமிழ்கள் படத்தில் உள்ளபடியும், ஆறாவது ஜோடி நான் கையை எடுத்த இடத்திலும் நிற்கின்றன. பார்த்தால் கை துறுதுறுக்கிறது. அதனால் அறையைப் பூட்டிவிட்டேன். சாவி உங்கள் அத்தையிடம். கடிதம் கதவிடுக்கில் இருக்கும். முதல் பத்தியில் பெட்டியின் தலையில் என்று எழுதியதை அப்படித் திருத்திப் படிக்கவும். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவாளாம். என் கையில் தர மாட்டேன் என்கிறாள்.