சந்தேகம் சாரின் முட்டிவலி

உலகத்தில் எதையுமே நம்பாமல் ஒரு மனிதர் ஓய்வு பெறும் வயது வரை வந்துவிட முடியும் என்பதற்கு எங்கள் சந்தேகம் சார்தான் அத்தாட்சி. தாம்பரத்தில் எங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அவர் தலைவர். வீடு குரோம்பேட்டை. தினமும் அதே ரயில்தான். ஆனாலும் ஏறுவதற்கு முன் யாரிடமாவது, "குரோம்பேட்டைல நிக்கும்ல?" என்று கேட்பார். நிற்கும் என்றவரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொருவரிடமும் கேட்பார்.

"முடிஞ்சிடுச்சு சார்" என்ற வார்த்தை ஆபீசில் அவரிடம் செல்லாது. "எங்க, காட்டு" என்பார். ஜுரம் என்று லீவு கேட்டால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். ஜுரம் விட்டுவிட்டது என்று வேலைக்கு வந்தாலும் பிடித்துப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்தார் இமயமலை நடைப்பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க மூத்தவர் ஒருவர் வேண்டும் என்றதும், மற்ற மூத்தவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கே முதுகு பிடித்துக்கொண்டது. மிஞ்சியவர் சந்தேகம் சார்.

பயிற்சி, தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பச்சைமலையில். கீழே வாங்கிய டீ ஆறுவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம், அவ்வளவுதான் அந்த மலை. அதில் சித்திரை வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக எங்களை ஏறவைத்தார். "பழகணும்ப்பா. அங்க வந்து கம்பளி கடிக்குதுன்னு சொல்லக் கூடாது." பழகவில்லை, வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

எங்களில் பலசாலி, டெஸ்பாட்ச் செல்வம். படப்பைக்காரன். கோவிலம்பாக்கத்தில் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள். "மலை மேல நின்னுகினு ஒரு போட்டோண்ணா. பொண்ணு வூட்ல அப்டியே அசந்துடணும்" என்று கடன் வாங்கிய கேமராவை மார்போடு கட்டிக்கொண்டு வந்தான்.

மலைக்குப் போனதும் சாரின் நாடி வைத்தியம் படுத்துவிட்டது. அந்த உயரத்தில் எல்லார் நாடியும் குதிரை மாதிரி ஓடியது, அவருடையது உட்பட. இரண்டு நாள் குழம்பினார். பிறகு எங்கள் தட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆவக்காய் ஜாடியைத் தன் கைவசம் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அவரே பரிமாறினார். மனுஷன் ஊறுகாயைக்கூட நம்மிடம் நம்பித் தரமாட்டேன் என்கிறாரே என்று எங்களுக்கு எரிச்சல்.

நடையிலும் கடைசி ஆள் அவர்தான். தலைவர் முன்னால் போகவேண்டாமா என்று கேட்டேன். "முன்னாடி போனா நீங்க பின்னாடி என்ன பண்றீங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

கணவாய் ஏறவேண்டிய காலை. செல்வம் ஊறுகாய்க்குத் தட்டை நீட்டவில்லை. மற்ற நாளில் ஜாடியையே கேட்பவன்.

"செல்வம், ஊறுகா?"

"வாணாம் சார்."

"தலை வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீறேன். இன்னா சார், எப்பப் பாத்தாலும் சந்தேகப்பட்டுகினு!"

சார் அவனை ஒரு பார்வை பார்த்து, ஜாடியை மூடி வைத்தார். பிறகு இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியலப்பா. முட்டி போயிடுச்சு. எல்லாரும் இறங்குவோம்."

"நீங்க இங்கயே இருங்க சார், நாங்க ஏறிட்டு வந்துடறோம்" என்றேன்.

"தலைவர் இல்லாம யாரும் மேல போகக் கூடாது. அதான் ரூல்."

அப்படி ஒரு ரூல் உண்டா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கணவாய் கண்ணெதிரே தெரிகிறது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வழிகாட்டியோடு விறுவிறுவென்று இறங்கிவிட்டார்கள். செல்வத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கெயவனைக் கூட்டினு வந்து பேஜாராப் பூட்ச்சுண்ணா" என்று என் காதில் சொன்னான்.

பாதி வழியில் அவன் கால்கள் பின்னின. வாந்தி எடுத்தான். என்னைக் கோவிலம்பாக்கத்துப் பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. பின்னாலிருந்து சார் ஓடி வந்தார். ஆமாம், அந்த முட்டியோடுதான் ஓடி வந்தார். அவனைத் தோளில் சாய்த்து, கீழ் முகாம் வரை நடத்திக்கொண்டு வந்து சேர்த்தோம். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் பசிதான் போகும், இன்னும் மேலே போயிருந்தால் பையனை உயிரோடு இறக்கியிருக்க முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர்.

"அவனுக்கு முடியலன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே சார்? எதுக்கு முட்டி?"

"இவனாலதான் திரும்பினோம்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னா போதும், மாப்பிள்ளைக்கு என்னமோ நோவாம்னு கோவிலம்பாக்கம் வரைக்கும் கதை போயிடும். கல்யாணம் நிக்கும். சந்தேகம் எப்படிப் பரவும்னு எனக்குத் தெரியாதா?" என்றவர், "நீயும் சொல்லிடாதே" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். நம்பவில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முகாமில் மற்றவர்களிடம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தோம். செல்வம்கூட அப்படித்தான் நினைத்திருந்தான். தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சார் நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். "சார், அது இல்ல, இந்தக் கால்" என்று காதில் சொன்னேன். அடுத்த படியிலேயே காலை மாற்றிக்கொண்டார்.

அவர் ஓய்வு பெறும் வரை ஆபீசே அந்த முட்டியைக் கிண்டல் செய்தது. "பரவால்லப்பா" என்று தடவிக்கொள்வார், அவ்வளவுதான்.

இப்போது அவர் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், நல்லாயிருக்கேன் என்கிறேன். எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள், சார்.