இடது காலில் தர்மராஜின் செருப்பு

ஸ்ரீரங்கம்,
14-6-61, புதன்கிழமை

உப்பிலியபுரம் மச்சான் ரத்தினவேல் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மயிலம்மாளின் புருஷன் ரங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் எனக்கு வலது கால் நலம், இடது கால் சுமார் என்றுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. முந்தாநாள் நம்ம பையன் தர்மராஜைப் புத்தூர்ப் பக்கத்து இல்லத்தில் சேர்த்துவிட்டு, வலது காலில் என் செருப்பும் இடது காலில் அவன் செருப்புமாகத் திரும்பி வந்தேன். என்னுடையது எட்டு நம்பர், அவனுடையது பத்து. பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுல எது உங்க காலு?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்து, அவசரத்தில் மாறிப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இடத்தைச் சொல்லிச் சிபாரிசுக் கடிதமும் வாங்கிக் கொடுத்தது நீங்கள் என்பதால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பையனுக்கு வயசு இருபத்திரண்டு, புத்தி ஏழு வயசோடு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும். உங்கள் தங்கைக்குத் தை மாதத்திலிருந்து மூச்சிரைப்பு, எனக்கும் அறுபது நெருங்குகிறது, எங்களுக்குப் பிறகு இவன் யார் வீட்டு வாசலில் போய் நிற்பான் என்பதுதான் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு. உங்கள் தோட்டத்துக்கு அனுப்பலாம் என்றால் அங்கே கிணற்றுக்குச் சுவர் இல்லை. திருவெள்ளறைக்கு, மகள் பவுனம்மாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவள் மாமியார் முகத்தில் சிரிப்பு இல்லை. மிச்சம் இருந்தது கன்னியர் நடத்தும் இந்த இல்லம்தான். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், மச்சான். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நான் போனேன். வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குக் குறை கண்டுபிடிக்கவா தெரியாது? சாம்பாரை ருசி பார்த்தேன், தண்ணீர்ப் பானையை முகர்ந்தேன், நாற்பது பேர் படுக்கிற கூடத்தில் பாயைப் பாயாகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூட்டைப்பூச்சி கிடைத்திருந்தால் போதும், அதைக் காட்டியே பிள்ளையை அழைத்து வந்திருப்பேன். கிடைக்கவில்லை.

பிறகு தலைமைச் சிஸ்டர் ரோசரி ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தானாகக் குளிப்பாரா என்றார், மாட்டான் என்றேன். சட்டைப் பித்தான் போடுவாரா, மாட்டான். வெளியே தனியாகப் போய் வருவாரா என்றதற்கு, தெரு முனைக்குக்கூடப் போகமாட்டான், இருபத்திரண்டு வருஷமாகக் கையைப் பிடித்தே கூட்டிப் போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சிஸ்டர் பேனாவை நிறுத்தினார். "போகமாட்டாரா, நீங்க விட்டதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கூரையில் நல்ல மங்களூர் ஓடு போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி, "தர்மராஜ், உங்களுக்கு இங்க இருக்கப் பிரியமா?" என்றார். நம்ம பயல் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை யாரும் 'உங்களுக்கு' என்று சொன்னதில்லையே. டாக்டரைக் கேட்டோம், ஜோசியரைக் கேட்டோம், உங்களைக் கேட்டோம், உங்களோடு வந்த மாட்டுத் தரகரையும் கேட்டோம். இவனைக் கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவன் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனான். அங்கே நாற்பது பேர் செருப்பும் குப்பையாகக் கிடந்தது. அவன் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. பவுனம்மாள் கல்யாணத்தில் வந்தவர்கள் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்தவனை, சம்பந்தி வீட்டார் பார்த்துவிடப்போகிறார்கள் என்று பயந்து, உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோமே. இங்கே யாரும் சாத்தவில்லை. அரை மணியில் நாற்பது ஜோடியும் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றன. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கிளம்ப, இவன் ஒவ்வொருவர் காலையும் பார்த்து விரலை நீட்டுகிறான், அவரவர் போய் அவரவர் செருப்பில் கால் வைக்கிறார்கள். ஒரு வருஷமாக ஜோடி மாறிய செருப்போடு நொண்டிக்கொண்டிருந்த ஒருத்தர், தன்னுடையது கிடைத்ததும் இரண்டு காலையும் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். சிஸ்டர் வாயில் கை வைத்தபடி நின்றார். வருஷா வருஷம் சொர்க்கவாசல் திறக்கும்போது கூட்டத்தோடு நின்று பார்க்கிறவன் நான். அப்போது உடம்பில் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அது அந்தத் தாழ்வாரத்தில் ஓடியது. இருபத்திரண்டு வருஷம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருந்ததை நான் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் சிஸ்டருக்குப் பதில் சொன்னான்: "இருக்கேன். நெறைய செருப்பு இருக்கு."

மனசு நிலைப்பதற்காக மூன்று மாதம் வீட்டார் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கையெழுத்துப் போட்டேன். அவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். உங்கள் தங்கை இன்னும் மூன்று தட்டு வைக்கிறாள், பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறாள். போகப்போகச் சரியாகிவிடும். நீங்கள் சொன்னதுதான் சரி. மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு, நீங்களும் போகவேண்டாம். அக்காவுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ரங்கநாதர் கிருபையும், உங்கள் சோளத்துக்கு நல்ல மழையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ரங்கசாமி

பி.கு.: வியாழன் காலை. இதைத் தபாலில் போடக் கிளம்பி வாசலுக்கு வந்தால் எதிரே தர்மராஜ் நிற்கிறான். வெறுங்கால். ஒரு கையில் அவன் வலது செருப்பு, மறு கையில் என் இடது செருப்பு. புத்தூரிலிருந்து சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டி நடந்தே வந்திருக்கிறான். இருபது அடி பின்னால் இல்லத்துத் தோட்டக்காரர் பிச்சைமுத்து மூச்சு வாங்க வந்தார். காலையில் எல்லோர் செருப்பையும் அடுக்கிவிட்டு இவன் கேட்டைத் தாண்டினானாம், தடுக்காதீங்க, கண் பார்வையை விட்டும் விலக விடாதீங்க என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினாராம். "அவரு ஓரமாத்தாங்க வந்தாரு. நான்தான் பாலத்துல லாரிக்காரன்கிட்டத் திட்டு வாங்கினேன்" என்றார்.

ஆகவே மேலே தெரு முனை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். மூன்று மாதத்தையும் அடித்துவிடுங்கள். அவர் தானாக வீடு போய்ச் சேர்ந்துட்டா இனிமே சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகட்டும், அவருக்குத்தான் வழி தெரியுதே என்று சிஸ்டர் பிச்சைமுத்துவிடமே சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு மூன்றாவது தட்டில் பழையது சாப்பிட்டான். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டான், மத்தியானத்துக்குள் அங்கே எல்லாம் கலைந்துவிடுமாம்.

போகும் முன் இரண்டு ஜோடியையும் வாசலில் சேர்த்து வைத்துவிட்டு, "அப்பா, மாறிப் போச்சு" என்றான். "ஆமாண்டா, கவனிக்கலை" என்றேன். அவன் அடுக்கி வைத்த வரிசையில் கவனிக்காமல் மாற்றிப் போட யாராலும் முடியாது, மச்சான். திங்கட்கிழமை அந்தத் தாழ்வாரத்தில் அவனுடையது எது, என்னுடையது எது என்று நன்றாகப் பார்த்துத்தான் அவன் செருப்பில் காலை நுழைத்தேன். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.