அந்த விரல் என் விரல் இல்லை

முகமூடி மாட்டிக்கொண்டு தூங்கும் ஆள் நான் இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கம் ஒரு மனிதனின் சொந்த விஷயம். அதில் மனைவி தலையிடலாம். போர்வையை இழுக்கலாம். விலாவில் இடிக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவன்தான் நான். ஆனால் மூக்கில் ஒரு குழாயை மாட்டி, குழாயை ஒரு டப்பாவில் மாட்டி, டப்பாவைச் சுவரில் மாட்டிவிட்டுத் தூங்கு என்றால், அதற்குப் பெயர் தூக்கமா? சார்ஜ் போடுவது.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "கிளட்சை விடுங்க, மெதுவா விடுங்க" என்பேன். ஊரில் பாதிப் பேர் என் வலது காலின் தயவில் நடமாடுகிறார்கள். வீட்டில் எனக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஸ்டியரிங், கிளட்ச், பிரேக், ஹாரன் எல்லாமே என் மனைவியிடம். நான் பின் சீட்.

அவள் கணக்கு டீச்சர். அதைக்கூட மன்னித்துவிடலாம். பெரிய பரீட்சை என்றால் மேற்பார்வைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள், அதுதான் என் தலையெழுத்து. காப்பி அடிப்பவனை அவள் அதட்டமாட்டாள். பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பாள். அவனே சாக்ஸுக்குள் கையை விட்டு பிட்டை எடுத்து நீட்டிவிடுவான். ஆளைப் பார்த்து, முகத்தை போட்டோவோடு ஒத்துப் பார்த்து, அதன் பிறகுதான் விடைத்தாளில் கையெழுத்துப் போடுவாள். இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. இருமல் மருந்து பாட்டிலைத் திறந்தால் அதன் மேல் ஒரு கையெழுத்து, தேதி. நான் திருட்டுத்தனமாக ஒரு மூடி குடித்தால்கூடக் கணக்குக் கேட்பாள்.

அவளுக்கு என் மேல் இருக்கும் புகார் குறட்டை. நான் குறட்டை விடுகிறேனா என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், சாட்சி சொல்ல முடியாது. சரி, விடுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். பஞ்சை அடைத்துக்கொண்டு படு என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் விசித்திரம். குறட்டை சத்தம் அவளுக்குப் பழகிவிட்டதாம். நடுநடுவே அது நின்றுபோகிறதாம், அதுதான் பிரச்சினையாம். பாருங்கள். சத்தம் போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம்.

இது வீட்டுக்குள் இருந்தவரை சமாளித்தேன். வெளியே வந்தது ஒரு நர்ஸால்.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி என்னிடம் வண்டி கற்றுக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்கும் பெண். நான் சொல்லாமல் இண்டிகேட்டரைக்கூடத் தொடமாட்டாள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. நான் கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தபால் ஆபீஸ் முனையில் திரும்பு என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அதனால் அவள் திரும்பவில்லை. நேராகப் போனாள். கடைத்தெரு முடிந்தது, போனாள். பாலம் வந்தது, போனாள். தார் ரோடு தீர்ந்து, ஒரு செங்கல் சூளை வாசலில் வண்டி நின்ற பிறகு என் தோளைத் தொட்டு, "சார், இப்ப ரிவர்ஸா?" என்று கேட்டாள்.

இது நெடுந்தூரப் பயிற்சி என்று அவளிடம் விளக்கினேன். அவள் நம்பினாள். முதலாளி நம்பவில்லை. தூக்கத்துக்கு வைத்தியம் பார்த்து, டாக்டரிடம் சீட்டு வாங்கி வரும்வரை நான் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். உள்ளறையில் உட்கார்ந்து சாலைக் குறிகளைப் பாடம் நடத்த வேண்டியது. இரண்டு பிரேக் வண்டியை ஆண்டவன், துணித் திரையில் பச்சை மார்க்கரால் சிக்னல் விளக்குக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். என் சீட்டில் வேறு ஒருத்தன் உட்கார்ந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சீட்டை விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். முகமூடிக்கும் தலைகொடுப்பதில்லை என்று அதே மூச்சில் இன்னொரு முடிவு.

தூக்கத்துக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். மனைவி என்னை அழைத்துப்போனாள். டாக்டரம்மா கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கொடுத்தார். மணிக்கட்டில் பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் விரலுக்கு ஒரு குல்லா. ராத்திரி முழுக்க ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அதுவே பதிவு செய்துகொள்ளும். நடுவில் கழட்டி மாட்டினாலும் பரவாயில்லை. அளவு ஒழுங்காக இருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதிக்கொடுத்துவிடுவார். விழுந்து விழுந்து எழுந்தால், முகமூடி மெஷின். அதை மாட்டித் தூங்கிப் பழகிய பிறகுதான் வண்டி.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "ஒழுங்கா மாட்டிக்கிட்டுப் படுங்க" என்றாள்.

"என் ரத்தம் சுத்தமான ரத்தம். பார்க்கத்தானே போற," என்றேன்.

அப்போதே என் மூளையில் திட்டம் தயார். எங்கள் வீட்டு ஹால் சோபாவில் அவளுடைய தம்பி படுத்திருக்கிறான். வேலை மாற்றலாகி வந்தவன், வீடு கிடைக்கும்வரை எங்களோடு. நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவன். எங்கள் வீட்டில் அவனுக்கு மீன் என்றுதான் பெயர். தண்ணீருக்கடியில் அவன் மூச்சைப் பிடித்தால், பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். அவன் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்காதா? கொட்டிக்கிடக்கும். அவனுக்கு ஒரு குறை, டிரைவிங் டெஸ்டில் தேறாதவன். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் எதையாவது இடித்துவிட்டுத்தான் வருவான்.

மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் அவனைப் பிடித்தேன்.

"மாப்ள, ஒரு ராத்திரி உன் விரல் வேணும்."

"எதுக்கு மாமா?"

"கேக்காத. லைசென்ஸ் வாங்கிக் குடுக்கிற வரைக்கும் உனக்கு நானே சொல்லித்தரேன்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"உங்கக்காவுக்குப் பயந்தா இந்த வீட்ல யாரும் மூச்சே விட முடியாது."

ஒத்துக்கொண்டான். அன்று இரவு மனைவி பார்க்க, பட்டையை மணிக்கட்டில் கட்டி, குல்லாவை ஆள்காட்டி விரலில் மாட்டி, சமர்த்தாகப் படுத்தேன். அவள் மூச்சு சீராக வந்ததும் பூனை மாதிரி நழுவி ஹாலுக்குப் போய் எல்லாவற்றையும் மீனின் கைக்கு மாற்றினேன். விடிவதற்கு முன் அவன் குளத்துக்குக் கிளம்புவான். கிளம்பும்போது சத்தமில்லாமல் என் விரலில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. திரும்பி வந்து தலையணையில் தலையை வைத்ததுதான் எனக்குத் தெரியும்.

காலையில் கண் விழித்தால் குல்லா என் விரலில் இருந்தது. நல்ல பையன், சொன்னபடி செய்திருந்தான். குல்லாவைக் கழற்றினேன். விரலின் கீழ்க் கணுவில் பச்சையாக ஏதோ கிறுக்கல். சிக்னல் விளக்கு வரைந்த மார்க்கர். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. போகட்டும், பச்சை என்றாலே போகலாம் என்றுதானே அர்த்தம் என்று சந்தோஷமாகக் குளிக்கப் போனேன்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனோம். கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரு கோடு ஓடியது. டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

"ஆரம்பத்துல கொஞ்ச நேரம் குழந்தை மாதிரித் தூங்கியிருக்கீங்க. அப்புறம் பாருங்க, கிணத்துல இறங்கிற மாதிரி இறங்குது. தொண்ணூறுக்கு மேல நிக்க வேண்டியது எழுபது வரைக்கும் போகுது. ஏறுது, மறுபடி இறங்குது. விடியற வரைக்கும் இதே கதை. மூச்சு அடிக்கடி நிக்குது. இப்படியே விட்டா இதயத்துக்கு ஆபத்து. மெஷின் கண்டிப்பா வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் உறைத்தது. அட, அது நான் இல்லையே. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் முகமூடி வரும். மானம் போனால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு அனுபவம் உண்டு. எழுந்து நின்றேன்.

"டாக்டர், அந்த விரல் என் விரல் இல்லை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, தலை நிமிர்ந்தே சொன்னேன். மனைவி எழுந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள். அந்த நிற்பை நான் கவனித்திருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் கவனிக்கவில்லை.

"பார்த்தியா, நோய் எனக்கு இல்லை, உன் தம்பிக்கு. இத்தனை நாளா என்னைச் சொன்னியே," என்றேன்.

"அப்ப அவனுக்கு மெஷின் வாங்கணுமா?"

"பின்னே? உயிர் விஷயம். டாக்டர் சொல்றது காதுல விழலையா?"

"மாட்டமாட்டேன்னு அடம்பிடிச்சா?"

"பிடிப்பான். இந்த மாதிரி ஆளுங்க எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வாங்க. கேக்கக் கூடாது."

"வேலைக்கு லேட்டாகுது, ஒரு நாள் விட்டுடறேன்னு சொன்னா?"

"ஒரு நாள்கூட விடக் கூடாது. நீ தினமும் பக்கத்துல நின்னு பார்க்கணும். கண்டிப்பு இல்லாத வீடு உருப்படுமா? டாக்டர், நீங்களும் அழுத்தமா சொல்லிடுங்க. இந்தக் கோடு யாரோடதோ, அந்த ஆள் ஒவ்வொரு ராத்திரியும் மாட்டித்தான் ஆகணும்."

என் மைத்துனன் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. 

"நல்லது. உங்க ஆள்காட்டி விரலை டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள் மனைவி.

காட்டினேன். டாக்டரம்மா விளக்கடியில் என் விரலைத் திருப்பினார். கிறுக்கல் என்று நான் நினைத்தது கிறுக்கல் இல்லை. அவளுடைய கையெழுத்து. எத்தனை மருந்து பாட்டில்களில் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே பொடி எழுத்தில் தேதி.

"பரீட்சை மேசைக்கு நம்பர் போடற மார்க்கர், டாக்டர். சீக்கிரம் அழியாது," என்றாள். நான் ஹாலிலிருந்து திரும்பி வந்து குறட்டையை ஆரம்பித்த மறு நிமிடமே அவள் எழுந்து தம்பி பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். மீன் கேட்காமலேயே கையை நீட்டியிருக்கிறான். கருவியைக் கொண்டுவந்து என் விரலில் மாட்டி, என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அத்தனைக்கும் நான் அசையவில்லை.

"பரீட்சையில நடக்கிற அதே ஆள்மாறாட்டம்தான். எத்தனை பார்த்திருக்கேன்," என்றாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "உங்களுக்கு மூச்சு நின்னா அடுத்த மூச்சு வர வரைக்கும் நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன். ஒவ்வொரு தடவையும் இதோட போச்சுன்னு நினைக்கறேன். எனக்குப் பயமா இருக்குங்க."

  அவளுக்கு இத்தனை பயம் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விரலை மாற்றியிருக்கமாட்டேனா என்றால், மாற்றியிருப்பேன், ஆனால் மனசு கேட்டிருக்காது.

மெஷின் வந்தது. பழகவும் பழகியது. பகலில் கண் தானாக மூடுவதில்லை. சீட்டும் கிடைத்தது, என் சீட்டும் கிடைத்தது. மீனுக்குப் பேசினபடி வகுப்பு எடுக்கிறேன். துரோகிக்கு எதற்கு வகுப்பு என்று கேட்காதீர்கள், அவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவன் அக்காவின் உத்தரவு.

ஆனால் நான் தோற்றுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். முகமூடியை மாட்டுகிறேன் என்றால் அது என் சொந்த விருப்பம். வேண்டாம் என்று தோன்றுகிற ராத்திரி கழற்றி எறிந்துவிட்டுத் தூங்குவேன். என்னைக் கண்காணிக்க எவரும் பிறக்கவில்லை. நேற்று வண்டியில் அந்த நர்ஸிடமும் இதைத்தான் அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கம்பீரமாக ரோட்டைப் பார்த்தேன். சிக்னலில் வண்டியை அழகாக நிறுத்திவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்:

"சார், உங்க பின்கழுத்துல பச்சையா யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்களே, இன்னிக்குத் தேதியோட?"