ரேடியேட்டரில் குடியிருந்த ஆவி

புறவழிச் சாலையில், மூடிக் கிடந்த ஒரு டயர் கிடங்கின் வாசலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்கள் வரிசைகட்டி நின்றன. யாரோ பெட்ரோலை இலவசமாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கார்களுக்குப் பேய் ஓட்டினார்கள்.

ஓட்டியவர் ஆவியார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. மனிதர்களைப் பிடித்த பேயை ஓட்டுவதில் போட்டி அதிகம். போதாக்குறைக்கு ஆஸ்பத்திரிகள் வேறு குறுக்கே வருகின்றன. ஆகவே மனிதர் புத்திசாலித்தனமாகக் கார்களைப் பிடித்துக்கொண்டார்.

"சாலையில செத்த உயிருங்க எங்க போகும்? வெயில்ல அலையும். தாகமெடுக்கும். உங்க வண்டியில ஏறி ரேடியேட்டர்ல உட்கார்ந்துக்கும். எஞ்சின் சூடு தணிக்க ஊத்துற கூலண்ட் குறையுது குறையுதுன்னு புலம்புறீங்களே, அதைக் குடிக்கிறது யாரு?"

"ஆவி!" என்றது கூட்டம்.

சந்நிதானத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஆவி தூங்கிவிடுமாம். உச்சி வெயிலில் கார்கள் உறுமிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. வாசலை நெருங்கும்போது சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கும். "விழிச்சுக்கிச்சு!" என்று சீடர்கள் கூவுவார்கள். அந்த வெயிலில் அத்தனை நேரம் நிறுத்தி வைத்தால் கல்லுக்கும் விழிப்பு வரும்.

அப்புறம் ஆவியார் எழுந்தருளுவார். சிவப்பு அங்கி. அதற்குள் தடித்த தோலில் ஒரு மேலாடை. கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோல், நுனியில் கொக்கி. எந்த ஆவிக்கும் அஞ்சாத அந்த மகான், ரேடியேட்டரிலிருந்து முடிந்தவரை தள்ளி நின்று, கொக்கியை மூடியில் மாட்டித் திருகுவார்.

புஸ்ஸ்ஸ்!

வெள்ளையாக ஒரு தூண் வானத்துக்கு எழும்பும். "போகுது! போகுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு பாங்க் மேனேஜர் அந்தப் புகைக்குள் இரண்டு கண்களைப் பார்த்தார். ஒரு வக்கீல் தலைவிரி கோலமாக ஒரு பெண்ணையே பார்த்துவிட்டார். படித்தவர்களுக்குக் கற்பனை கொஞ்சம் கூடுதல்.

கடைசியில், ஆவி குடித்துக் காலி செய்த இடத்தில் பாட்டிலிலிருந்து பச்சைத் தீர்த்தம் ஊற்றுவார்கள். வண்டி சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு மறுபடி சூடாகும். மறுபடி ஞாயிறு. மறுபடி வரிசை. இப்படித் தவறாமல் திரும்பி வரும் ஆவி கிடைத்தால் யார்தான் தொழிலை விடுவார்கள்?

தவறாமல் வந்தவர்களில் ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். சொந்த வண்டி. வீட்டில் அடுப்பு எரிவது அந்த எஞ்சினை நம்பித்தான். ஒரு ஞாயிறு மனைவியையும் கூட்டிப் போனார். "வீட்டம்மா பக்கத்துல நின்னு கும்பிட்டா ஆவி குடும்பத்தை ஒட்டாது" என்று ஆவியார் சொன்னார். அந்த அம்மாள் கும்பிட்ட கையோடு பானெட்டை ஒட்டி நின்றாள். மூடி திறந்தது. கொதித்த தண்ணீர் அவளுடைய வலது கையிலும் கழுத்திலும் சீறி விழுந்தது.

அவள் அலறினாள். ஆவியார் கோலை உயர்த்தினார். "போற ஆவி அறைஞ்சுட்டுப் போகுது! உன் பாவமெல்லாம் கழிஞ்சுதும்மா! வெளியில சொல்லாதே, சொன்னா திரும்பி வந்துடும்!"

டாக்ஸிக்காரரின் தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காயப் பிரிவு. ஞாயிறு சாயங்காலமானால் முன்கை வெந்தவர்கள் வருவதையும், கேட்டால் "சுடுதண்ணி கவிழ்ந்துடுச்சு" என்று தரையைப் பார்த்துச் சொல்வதையும் அவள் கவனித்திருந்தாள். அன்றைக்கு வந்தது அவளுடைய சொந்த அண்ணி.

காயத்தைக் கழுவியபடியே கேட்டாள்: "அண்ணி, என்னாச்சு?"

"சுடுதண்ணி..."

"கழுத்துல கூடவா? நின்ன வாக்குல முகத்துக்கு நேரா யாராவது சுடுதண்ணியைக் கவிழ்ப்பாங்களா? நிஜத்தைச் சொல்லுங்க."

அண்ணி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் கட்டுப் போட்டு முடித்தாள். கொஞ்சம் தள்ளிக் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவன் மேல் தன் கை நீண்டுவிடும் என்று பயந்தாள்.

மறுநாள் காலை, வண்டி கிளம்புமுன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "பானெட்டைத் தூக்குண்ணே."

எஞ்சின் ஆறிக் கிடந்தது. ரேடியேட்டர் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. உள்ளே இருந்த கூலண்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழே, துருவேறிய பழுப்பு நிறத்தில் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ரப்பர் குழாய் ஒன்றின் மூட்டில் ஈரம். தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை.

"அண்ணே, கூலண்ட்டை ஆவிதான் குடிக்குதுன்னியே. அப்புறம் ஏன் கீழ ஒழுகுது? அதுக்கு வாயில ஓட்டையா?"

"நீ நர்சும்மா. உனக்குத் தெரிஞ்சது வேற ஊசி. இந்த ஊசி சிவப்புக்குப் போனா என் வயிறு என்ன பாடுபடும்னு உனக்குத் தெரியாது."

"சரி. வர்ற ஞாயிறு நானும் வரேன். ஆனா வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கயிறு கட்டி இழுத்துட்டுப் போகணும்."

அண்ணன் மறுக்க வாயெடுத்தார். உள்ளே மனைவி கட்டுப் போட்ட கையால் டம்ளரை எடுக்க முடியாமல் தவிப்பது தெரிந்தது. "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி, நர்ஸ் மூவரோடும் டாக்ஸி ஒரு வேனின் பின்னால் ஊர்ந்து வந்து சேர்ந்தது. சீடர்கள் ஓடி வந்தார்கள். "எஞ்சினைப் போடுங்க! எஞ்சினைப் போடுங்க!"

நர்ஸ் இறங்கினாள். "ஆவி எங்க இருக்கு? எஞ்சின்லயா, ரேடியேட்டர்லயா?"

"ரேடியேட்டர்ல."

"அப்ப எஞ்சின் எதுக்கு?"

சீடர்களுக்குப் பாடம் அதுவரைதான் நடத்தப்பட்டிருந்தது. ஆவியாரே வரவேண்டியதாயிற்று. அவர் கோலை நீட்டுவதற்குள் நர்ஸ் பானெட்டைத் தூக்கி, வெறும் கையால் மூடியைத் திருகிக் கழற்றி எல்லோருக்கும் காட்டினாள். புஸ்ஸும் இல்லை, புகையும் இல்லை.

"எங்க சாமி ஆவி? ஞாயிற்றுக்கிழமை லீவா?"

ஆவியார் அசரவில்லை. "பொம்பளை கை பட்டுடுச்சு. அது உள்ளே போய் ஒளிஞ்சுக்கிச்சு."

கூட்டம் தலையாட்டியது. தலையை வைத்துக்கொண்டு ஆட்டாமல் வேறு என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து ஆவியாரின் சொந்தக் கார் வந்து நின்றது. தீர்த்தப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் ஓடி வந்த வண்டி. கண்ணாடியில் 'ஆவி அண்டாத வாகனம்' என்று தங்க எழுத்து.

"இதுல ஆவி இருக்கா சாமி?" என்றாள் நர்ஸ்.

"என் வண்டி நிழலைக்கூட எந்த ஆவியும் மிதிக்காது!"

"நல்லது. அப்ப மூடியைத் திறந்து காட்டுங்க. கோல் வேண்டாம். ஆவி இல்லாத வண்டிக்கு வெறும் கை போதுமே."

ஆவியார் வானத்தைப் பார்த்தார். "இப்ப நேரம் சரியில்லை."

சந்தேகப்பட்டவர்கள் விட்டுவிட்டிருப்பார்கள். பக்தர்கள் விடுவார்களா? "திறங்க சாமி! இந்தம்மாவுக்குப் புத்தி வரட்டும்!" என்று குரல்கள் எழுந்தன. ஆவியாரின் முதல் பக்தரான மளிகைக்காரர், பாய்ந்து போய் பானெட்டைத் தூக்கினார். கண்ணில் நீர் மல்க, குருவின் கையை அன்போடு பற்றி, மூடியை நோக்கி இழுத்தார்.

"டேய்! விடுறா! எஞ்சின் கொதிக்குதுடா! இப்பத் திறந்தா வெந்து செத்துடுவேன்! ஆறணும்டா முட்டாளே, ஆறணும்!"

மகானின் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

மளிகைக்காரர் குருவின் கையை விட்டார். டாக்ஸிக்காரரின் மனைவி முன்னால் வந்தாள்.

"சூடா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் என்னை ஏன் கிட்ட நிக்கச் சொன்னீங்க?"

ஆவியார் கோலை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். டாக்ஸிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நடந்து போய், இரும்புக் கோலைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து வளைத்து எறிந்தார். கூட்டத்தில் ஒருவர் தன் சட்டைக்கையை மெல்லச் சுருட்டினார். அங்கேயும் ஒரு வெந்த தழும்பு. அவரைப் பார்த்து இன்னொருவர். அதுவரை எல்லோரும் தனித்தனியாகப் பாவம் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்த்தம் என்ன என்று ஆவியாரின் டிரைவரே சொன்னார்: குழாய்த் தண்ணீரில் பச்சைச் சாயம். அதைக் கேட்டதும் பாங்க் மேனேஜர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார். புகைக்குள் கண் பார்த்தவர் அல்லவா, கோபமும் தெளிவாகவே வந்தது. போலீஸ் வந்து சேர்ந்தபோது ஆவியார் ஓடிப் போய் ஜீப்பில் தானே ஏறிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம்மவர்கள் முடிய விடுவார்களா?

நர்ஸ் கிளம்பும்போது மளிகைக்காரர் பயபக்தியோடு ஓடி வந்து வழிமறித்தார். அவர் பின்னால் ஒரு வரிசை.

"அம்மா, உங்க கை பட்டதும் அந்த டாக்ஸி எப்படி அடங்கிப் போச்சு! எங்க வண்டி மேலயும் ஒரு தடவை கை வைங்கம்மா. எங்க வண்டிக்கெல்லாம் கண்ணு பட்டிருக்கு."

நர்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு படல ஐயா. ரேடியேட்டர் பக்கத்துல இருக்கிற வெள்ளை டப்பா மேல ஒருத்தர் கண்ணும் படல, அதான் கோளாறு. காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா சரி. குறைஞ்சிருந்தா நல்ல கூலண்ட் ஊத்துங்க. ஊத்த ஊத்தக் குறைஞ்சா எங்கேயோ ஒழுகுது, மெக்கானிக்கிட்ட போங்க. சூடா இருக்கும்போது மூடியைத் தொடாதீங்க."

மளிகைக்காரரின் முகம் தொங்கிப் போனது. "அவ்வளவுதானா? மந்திரம் எதுவும் சொல்ல வேண்டாமா?"

"சொல்லலாமே. ரொம்பச் சின்ன மந்திரம்."

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

"யாராவது எதையாவது நம்பச் சொன்னா, 'ஏன்?'னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. எந்தச் சாமியாரும் கிட்டவே வர மாட்டான்."