சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் ஒரு குண்டு பல்பும்

ஒரு குடும்பத்தில் ஒரே ஒருவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்துத் தொலைத்தால், அந்தக் குடும்பத்தில் எந்தப் பொருளும் நிம்மதியாகச் சாக முடியாது. கடைசி மூச்சு விடுவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்துத் தேர்ச்சி தருவது என் வேலை. எதற்கும் பட்டியல் போடுவேன். வெளியூர் கிளம்பினால் பெட்டியில் முதலில் போவது, பெட்டியில் வைக்கவேண்டிய பொருள்களின் பட்டியல். (இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அது எப்படி முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.)

லாலாகுடாவில் இருக்கும் என் சித்தப்பா, ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிடார் வாசிப்பார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வ் ரகம். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். வெளிநாட்டில் குடியேறிய நண்பர் ஒருவர் விட்டுச்சென்றது. ஏன் விட்டுச்சென்றார் என்பது அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குப் புரியும். அது உட்கார்ந்திருந்த மூலை, வாஷிங் மெஷின் வைக்கச் சித்தி பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த மூலை.

ஒரு நாள் வோல்டேஜ் எகிறி அதன் ஃபியூஸ் போனது. அது இயற்கை மரணம். அதன் பிறகு போன ஃபியூஸ்களெல்லாம் என் கையால் செத்தவை.

அப்போது சித்தப்பாவின் மகள் ரேகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பு மேடையில் ஒரு பாட்டு வாசித்தே தீருவேன் என்றார் சித்தப்பா. ரேகா, “அரே, நக்கோ டாடி, வேணாம், டிஜே இருக்கான்ல?” என்று சொல்லிப் பார்த்தாள். சித்திதான் தீர்ப்பு வழங்கினார்.

“வாசிங்க. அத்தனை பேர் முன்னாடி ஒரு பாட்டு முழுசா வாசிச்சிட்டா, அந்த மூலையைப் பத்தி நான் இனிமே பேச மாட்டேன். வாசிக்கலைன்னா மறுநாள் காலையில பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரன் வருவான்.”

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோயிலில் மூலவரைப் பார்க்கிற பார்வை அது.

“கவலைப்படாதீங்க சித்தப்பா. எல்லாம் எலிமினேஷன்தான். ஒவ்வொண்ணா தட்டிட்டே வந்தா கடைசியில மிஞ்சுறதுதான் குற்றவாளி” என்றேன்.

பட்டியலின் முதல் வரி: ஃபியூஸ். ராணிகஞ்ச் கடைத்தெருவுக்குப் போய் அதே ஆம்பியரில் ஒரு டப்பா வாங்கினேன். அதிலும் ‘ஃபாஸ்ட்’ என்று எழுதியிருந்ததைத் தேடி எடுத்தேன். எங்கள் சோதனைக்கூடத்தில் அந்த ரகம்தான் போடுவோம். கொஞ்சம் மின்சாரம் கூடினாலும் சட்டென்று தன் உயிரைக் கொடுத்துக் கருவியைக் காப்பாற்றிவிடும். தியாகத்தில் சுறுசுறுப்பு நல்லதுதானே. முதல் வரிக்கு டிக் போட்டேன்.

ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’ என்றது. ஃபியூஸ் போயிருந்தது.

இரண்டாவது வரி, பவர் வால்வ். மாற்றினேன், டப். கெப்பாசிட்டர்களை மாற்றினேன், டப். வால்வ்களை மொத்தமாகக் கழற்றிவிட்டுப் போட்டேன், அப்போதும் டப். லாலாகுடா கரண்ட்டே சரியில்லை என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தேன். பக்கத்து வீட்டு கரண்ட்டும் அதே குணம். சித்தி அடுப்படியிலிருந்தே ஒவ்வொரு ‘டப்’புக்கும் “ம்” கொட்டினார். சந்தேகிக்க வேறு எதுவும் மிஞ்சாததால் சித்தப்பாவைச் சந்தேகித்தேன்.

“கொஞ்சம் மெதுவா ஸ்விட்ச் போடுங்க சித்தப்பா.”

“மெதுவான்னா எப்படிம்மா? பாதி போட்டு நிறுத்தவா?”

வரவேற்பு நெருங்கிவிட்டது. கடைசி ஆயுதமாக சீரிஸ் போர்டை எடுத்தேன். ஒரு பலகையில் குண்டு பல்ப் ஒன்றை மாட்டி, அதன் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுப்பது. உள்ளே கோளாறு இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் அளவாகவே போவதால் ஃபியூஸ் தப்பிக்கும். குண்டு பல்ப் இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது? சித்தப்பா பரணிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாட்டினேன். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மங்கி அடங்கியது. ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொண்டது. சத்தம் ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் வந்தது, ஆனால் வந்தது.

(பல்ப் மங்கினால் உள்ளே கோளாறே இல்லை என்று அர்த்தம். முதல் வருட மாணவருக்குக்கூடத் தெரியும். நான் படித்து முடித்தவள் ஆயிற்றே.) பல்போடு அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். கேட்டவர்களிடம் பலகையை ‘கரண்ட் கண்ட்ரோல் யூனிட்’ என்று அறிமுகப்படுத்தினேன்.

சைனிக்புரியில் மண்டபம். விருந்தினர் வரத் தொடங்கியபோது சித்தப்பா ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு முறை கம்பியை ஓங்கி மீட்டும்போதும் பல்ப் குபீரென்று பிரகாசித்து அடங்கியது. லைட்டிங் பிரமாதம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். ரேகாகூட ஃபோனில் படம் பிடித்தாள். நான் அடக்கமாகச் சிரித்தேன். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது மேடையில் அறிவிப்பு முடிந்து கைதட்டல் ஓய்ந்திருந்தது. சித்தப்பா ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டார். முன்வரிசையில் சம்பந்திகள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மேடையேறினேன். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். இத்தனை நாளில் முதல்முறையாக அது முழுசாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வியர்த்தது. பட்டுப்புடவையோடு மண்டியிட்டு, பட்டியலை மனதுக்குள் ஓட்டினேன். மனதுக்குள் என்று நான் நினைத்துக்கொண்டேன். தலைக்குமேல் நின்ற மைக் அணைக்கப்படவில்லை.

“வால்வ், சரி. ஒயர், சரி. சித்தப்பா, காலை எடுங்க.” மண்டபம் முழுக்க என் குரல் கணீரென்று கேட்டிருக்கிறது. நான் மட்டும் கவனிக்கவில்லை. “கொஞ்சம் முன்னாடிகூட ஓடுச்சே. சித்திக்கு அந்த மூலையில வாஷிங் மெஷின் வைக்கணும். அவங்கதான் ஏதோ பண்ணியிருக்காங்க.”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் நிமிர்ந்து மைக்கைப் பார்த்தேன். அதற்குள் சித்தி முன்வரிசையிலிருந்து எழுந்து, நிதானமாக மேடையேறி, அதே மைக்குக்கு எதிரே வந்து நின்றிருந்தார்.

“நான் ஒண்ணும் பண்ணலை. பூவலங்காரத்துக்கு நடுவுல தூசி படிஞ்ச குண்டு பல்ப் வீடியோவுல அசிங்கமா இருக்கேன்னு, டெக்கரேஷன்காரர்கிட்ட மாத்தச் சொன்னேன். புதுசு, எல்இடி.”

பலகையைப் பார்த்தேன். எல்இடி பல்ப் மினுக் மினுக்கென்று கண்ணடித்தது. ஓர் ஆம்ப்ளிஃபயர் தாகத்தோடு நிற்கும்போது, எல்இடி பல்ப் தன் வழியே சொட்டு மருந்து அளவுக்குத்தான் மின்சாரம் விடும்.

“பழைய பல்ப் எங்க சித்தி?”

“கழட்டும்போதே கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு.”

சித்தப்பா கிடாரைக் கழற்றப் போனார். சித்தி அவர் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை விவரிக்க வேண்டாம். பிறகு மேடையிலிருந்து இறங்கி, சம்பந்திகளைக் கடந்து, பந்திப் பக்கம் போனார். அங்கே மிர்ச்சி பஜ்ஜி ஆறாமலிருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய குண்டு பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சமையல்காரர் வாய் திறப்பதற்குள் அதை அணைத்து, முந்தானையைக் கையில் சுற்றிக் கழற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தானே மாட்டினார்.

பஜ்ஜி பல்ப் பரண் பல்பைவிட இரண்டு மடங்கு வாட். ஆம்ப்ளிஃபயருக்கு இப்போதுதான் வயிறார மின்சாரம் கிடைத்தது. ஜலதோஷம் போன இடம் தெரியவில்லை. சித்தப்பா பாட்டை முழுசாக வாசித்தார். யாரும் கேட்காமலேயே இன்னொன்றும் வாசித்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பஜ்ஜி மட்டும் ஆறிப்போனது.

மறுநாள் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தி, பின்பக்கத் தகட்டைப் படித்தார். “வித்யா, இதுல ஃபியூஸ் ‘ஸ்லோ’ன்னு போட்டிருக்கே. உன் டப்பாவுல ‘ஃபாஸ்ட்’னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றில்லை. இந்த ரகப் பெட்டிகள் ஸ்விட்ச் போட்டதும் ஒரு பெரிய மடக்கு மின்சாரம் குடிக்கும். அந்த ஒரு மடக்கைப் பொறுத்துக்கொள்ளத்தான் நிதானமான ஃபியூஸ். என் சுறுசுறுப்பான தியாகிகள் அதற்குள் பாய்ந்து பாய்ந்து உயிரை விட்டிருந்தார்கள். முதல் வரியில் நான் போட்ட டிக் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

சரியான ஃபியூஸ் போட்ட பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போனது. சொன்ன சொல் மாறாமல், சித்தி மூலையைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறந்தால், மாப்பிள்ளை உட்பட எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். சித்தி என் முகத்துக்கு முன்னால் இல்லாத ஒரு மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டுவார்.

“ஆன்ல இருக்கு வித்யா. இப்ப சொல்லு.”