பகலில் ஊறும் ஊற்று

அக்காவுக்கு அறை கட்டத் தோண்டிய அஸ்திவாரக் குழியில் மறுபடியும் தண்ணீர் நின்றது. முழங்காலுக்கு மேலே. சாயங்காலம் எட்டிப் பார்க்க வந்த மேஸ்திரி கரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"மழையே இல்லையே சார். நேத்துதானே மோட்டார் வச்சு இறைச்சோம்?"

சேற்று டாக்டர் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். சதுப்பு நிலங்களையும் நகரத்தின் நிலப் பயன்பாட்டையும் ஆராய்கிறவர் என்பதால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு அந்தப் பெயர். யாராவது புதுமனைக்குக் கூப்பிட்டால், அந்த வீட்டுக்கு அடியில் எந்தக் குளம் இருந்தது என்று சொல்லி, அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வருவார்.

இப்போது தன் வீட்டுக்கு அடியிலேயே ஏதோ இருக்கிறது.

"உங்க அக்காவுக்கு இப்போ இருக்கிற மாடி அறையே போதுங்க" என்றாள் மனைவி. "தோண்டினதை மூடிடலாம்."

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பா அம்மா போன பிறகு அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். "நீ என்கூடத்தான் இருக்கணும்" என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது, "உன் இஷ்டம்டா" என்றாள். அதோடு நிற்கவில்லை. இருவரும் வேலைக்குப் போய்விட்டால் சிமெண்டு மூட்டைக்குக் காவல் வேண்டாமா என்று, பின்பக்கக் கேட் சாவியை வாங்கிக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு அறை கட்டாமல் விடுவதா?

மறுபடி இறைத்தார்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் ஓடி, அவர்கள் ஆசையாக வளர்த்த கத்தரிச் செடிகளைப் படுக்கவைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் செடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவற்றை டாக்டர் வீட்டு வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

மேஸ்திரி ஜல்லி கொட்டச் சொன்னார். கொட்டியதும் தண்ணீர் அப்படியே இருக்க, ஜல்லியைத்தான் காணவில்லை. களிமண் விழுங்கிவிட்டது.

"ஊத்துக்கண்ணைக் கண்டுபிடிச்சு அடைக்கணும்" என்று டாக்டர் இன்னும் ஆழமாகத் தோண்டவைத்தார். குழி குட்டையானது. அதில் தவளைகள் குடியேறின. தவளைகளைத் தேடி ஒரு கொக்கு வந்து சிமெண்டு மூட்டை மேல் நின்றது.

டாக்டர் கவனித்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ராத்திரி இறைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் வற்றிக் கிடக்கும் குழி, சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சொட்டு ஊறுவதில்லை.

"வார நாள்ல பெரிய ரோட்டுல லாரி ஓடுது இல்லையா" என்று அவர் மனைவிக்கு விளக்கினார். "அந்தப் பாரம் நிலத்தடித் தண்ணியை அழுத்தி இங்கே தள்ளுது."

"லாரிக்கும் நம்ம குழிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"உனக்குப் புரியாது."

அக்கா மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கவனமாகக் கேட்டாள். "இதை நீ எழுதணும்டா" என்றாள்.

எழுதினார். கட்டுரையைப் படித்த நகரத் திட்ட அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். குழியைச் சுற்றி நடந்தார். ஒரு தவளை அவர் செருப்பின் மேல் ஏறி இறங்கியது.

"சார், இது சதுப்பு நிலம். இங்கே கட்ட அனுமதி கிடையாது."

"இது எங்க அக்காவோட அறைங்க."

"ஊத்து இருக்கிற இடத்துல ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதுன்னு விதியை எழுதிக் கொடுத்ததே நீங்கதானே சார்?"

கரையில் கிடந்த ஒரு செங்கல்லை டாக்டர் காலால் ஓரம் தள்ளினார். அந்த வரியை எழுதிய நாளில் துறையே எழுந்து நின்று கை தட்டியது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இருந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"விடுடா. கொடுத்துவைக்கலை. நான் அந்த மாடியிலேயே காலத்தை ஓட்டிக்கிறேன். சாயங்காலம் சீட்டாட நாலு பேர் வராங்க, ராத்திரி பாட்டு கேட்டா யாரும் ஏன்னு கேக்கறதில்லை. ஏதோ பொழுது போகுது."

டாக்டர் பிசைந்த சோற்றை அப்படியே தள்ளிவைத்தார். எவ்வளவு பெரிய மனசு. மனைவி எழுந்து அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினாள்.

அதன் பிறகு வீட்டில் நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரர்கூட மாலையில் நாற்காலி போட்டுக்கொண்டு கொக்கைப் பார்க்க ஆரம்பித்தார். மாணவர்கள் வந்து தவளைச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். டாக்டர் கரையில் கோரை நட்டார்.

காய்ச்சல் என்று அவர் விடுப்பு எடுத்த ஒரு நாள், பின்பக்கக் கேட்டுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, வீட்டு ஆள்போலச் சாவி போட்டுக் கேட்டைத் திறந்து, குழாயை இழுத்துக் குழிக்குள் போட்டார்.

"ஏம்பா, வீடு மாறி வந்துட்டே. நாங்க தண்ணி கேக்கலையே" என்றார் டாக்டர்.

"மாறலை சார். முன்னெல்லாம் தினம் ஒரு லோடு விட்டேன். கட்டட வேலை நின்னாச்சு, இனிமே வாரம் ஒண்ணு போதும், தவளைங்க பாவம்னு உங்க அக்காதான் சொல்லியிருக்காங்க."